டிசபிலிட்டி பென்ஷன் மேல்முறையீடு: படிப்படியாக ஒரு மதிப்பீடு

இராணுவப் பணியில் உடல்நலம் கெட்டோ அடிபட்டோ மருத்துவ வகை, அதாவது உடல்தகுதித் தரம், குறைக்கப்பட்டு வீடு திரும்பும் ஒருவருக்கு, அந்தப் பாதிப்பு பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்றால், டிசபிலிட்டி பென்ஷன் எனப்படும் ஊன ஓய்வூதியம் கிடைக்க வேண்டும். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்ய வழி உண்டு. முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அதற்கும் மேலே உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் என்று போகிற இந்த ஏற்பாடு, நாட்டுக்காக உடலைக் கொடுத்தவர்களுக்கு அரசு அளிக்கும் ஒரு சேவை. எந்தச் சேவையையும் போல இதையும் அதைப் பயன்படுத்துவோரின் பக்கமிருந்து மதிப்பிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இராணுவத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வேலூர்ப் பக்கத்தில் எங்கள் வட்டாரத்து முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருவதால், இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு படியையும் காகிதத்தின் வழியாக நன்கு அறிவேன். தீர்ப்பாயம் என்ற மூன்றாவது படி நம்பத் தகுந்தது. அதற்குக் கீழே உள்ள இரண்டு படிகள், அவற்றை அமைத்த நோக்கத்தை நிறைவேற்றவில்லை. இதுவே என் மதிப்பீடு. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் உரிமை எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1961ஆம் ஆண்டின் இராணுவ ஓய்வூதிய விதிகளில் 173ஆம் விதி, பணியால் ஏற்பட்ட அல்லது பணியால் தீவிரமடைந்த ஊனம் காரணமாக வெளியேற்றப்பட்டவருக்கு, அந்த ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், ஊன ஓய்வூதியம் உண்டு என்கிறது. முழுப் பணிக்காலத்தையும் முடித்து ஓய்வுபெறும்போது குறைந்த மருத்துவ வகையில் இருப்பவருக்கும், இதே நிபந்தனைகளின்படி, சாதாரண பென்ஷனோடு சேர்த்து டிசபிலிட்டி எலிமென்ட் எனப்படும் ஊனத்துக்கான பங்கு கிடைக்கும். தொகையைப் பொறுத்தவரை, 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை. ஊனம் குறையக் குறைய அதே விகிதத்தில் தொகையும் குறையும். கணக்கிடத்தக்க சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 சதவீத ஊனத்துக்கு மாதம் 3,600 ரூபாய் வரும். பின்னால் நான் சொல்லும் சலுகையின்படி அந்த 30 சதவீத ஊனம் 50 சதவீதமாக உயர்த்தி மதிப்பிடப்பட்டால் 6,000 ரூபாய் வரும். இவற்றின் மேல் அகவிலைப்படியும் சேரும். நகரத்தில் பெரிய வேலையில் இருப்பவருக்கு இது சிறிய தொகையாகத் தெரியலாம். கிராமத்தில் மாத்திரை மருந்தோடு குடும்பம் நடத்தும் ஹவில்தாருக்கு அது சிறிய தொகையே அல்ல.

இந்த உரிமை பெரும்பாலும் ஒரே ஒரு தாளில்தான் பறிபோகிறது. ஓய்வுபெறும் நேரத்தில் கூடும் மருத்துவக் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டு, ஏஎஃப்எம்எஸ்எஃப் 16 என்ற படிவத்தை நிரப்புகிறது. பல பக்கங்கள் கொண்ட அந்தப் படிவத்தில், எந்தெந்த ஊரில் பணியாற்றினார், எது களப்பகுதி, எது அமைதிப்பகுதி, நோய் எப்போது எங்கே தொடங்கியது என்பனவெல்லாம் வரும். போர்டின் கருத்து வரும் பகுதியில் ஒரு கட்டம் உண்டு. நோயின் பெயர், பணியால் ஏற்பட்டதா, பணியால் தீவிரமடைந்ததா, அதற்கான விரிவான காரணம் என்று அந்தக் கட்டம் பிரிக்கப்பட்டிருக்கும். எங்கள் ஊர் ஹவில்தார் ஒருவரின் படிவத்தை எடுத்துக்கொள்வோம். நோய், இரத்த அழுத்தம். பணியால் ஏற்பட்டதா என்பதற்கு ‘இல்லை’. தீவிரமடைந்ததா என்பதற்கும் ‘இல்லை’. விரிவான காரணம் கேட்கும் இடத்தில் ஒற்றை வரி: அமைதிப்பகுதியில் தொடங்கியது, உயர்மலை, களப்பகுதி, கிளர்ச்சி எதிர்ப்புப் பணி ஆகியவற்றின் அழுத்தத்தோடு நெருங்கிய காலத்தொடர்பு இல்லை. அடுத்த பக்கத்தில் ஊனம் 30 சதவீதம், ஆயுள் முழுவதும் என்று எழுதிவிட்டு, பென்ஷனுக்குத் தகுதியான நிகர மதிப்பீடு என்ற இடத்தில் ‘நில்’ (nil), அதாவது ஒன்றுமில்லை, என்று போட்டிருந்தார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அவர் சேரும்போது ஷேப்-1 வகையில், அதாவது மனநலம், செவி, கைகால், உடல்திறன், பார்வை ஆகிய ஐந்திலும் குறையில்லாதவராகச் சேர்ந்தவர். அப்படிச் சேர்ந்த மனிதருக்கு வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் 30 சதவீத ஊனம் இருப்பதாக அதே இராணுவத்தின் மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆனால் அதற்கும் பணிக்கும் தொடர்பே இல்லை என்பதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இந்த ஒரு வரியை எதிர்த்துத்தான் ஒருவர் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருக்கிறது.

ஆனால் சட்டம் அந்த வரியின் பக்கம் இல்லை. ஊன ஓய்வூதியம் யாருக்கு உண்டு என்பதைச் சொல்லும் 1982ஆம் ஆண்டின் தகுதி விதிகளைப் படித்துப் பார்க்கும் எவருக்கும் இது விளங்கும். பணியில் சேரும்போது குறிக்கப்பட்ட குறைகளைத் தவிர, மற்றபடி அவர் நல்ல உடல்நலத்தோடும் மனநலத்தோடும் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது 5ஆம் விதி. தகுதியை நிரூபிக்கும்படி கோரிக்கையாளரைக் கேட்கக் கூடாது, நியாயமான ஐயம் எதுவாயினும் அதன் பலன் அவருக்கே போக வேண்டும் என்கிறது 9ஆம் விதி. சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னால் வெளியேற்றத்துக்குக் காரணமானால், அது பணிக்காலத்தில் உண்டானதாகவே சாதாரணமாகக் கருதப்படும். சேரும் நேரப் பரிசோதனையில் அந்த நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்ல விரும்பினால், அதற்கான காரணங்களை எழுத வேண்டும் என்கிறது 14ஆம் விதி. காரணங்களை எழுத வேண்டும் என்ற இந்த நிபந்தனையே இந்த விஷயத்தின் அச்சாணி.

அதை உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது தரம்வீர் சிங் வழக்கில். 1985இல் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் சேர்ந்த சிப்பாய் அவர். வலிப்பு நோய் காரணமாக 20 சதவீத நிரந்தர ஊனத்தோடு 1994 ஏப்ரலில் வெளியேற்றப்பட்டார். நோய் அவருடைய உடலமைப்பைச் சார்ந்தது, பணியோடு தொடர்பில்லாதது என்று போர்டு எழுதியது. காரணம் எதையும் எழுதவில்லை. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார், இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது, இறுதியில் 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் அவர் பக்கம் நின்றது. சேரும்போது நோய் குறிக்கப்படவில்லை, காரணமும் சொல்லப்படவில்லை, ஆகவே நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். 2015இல் ராஜ்பீர் சிங் வழக்கில், பல படைவீரர்களின் வழக்குகளை ஒன்றாகக் கேட்ட உச்ச நீதிமன்றம் அதே நிலையை மீண்டும் உறுதி செய்தது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், ஒற்றை வரிக் காரணத்தோடு வரும் மறுப்புக் கடிதங்கள் நின்றபாடில்லை.

இந்த ஏற்பாட்டில் நான் மனமாரப் பாராட்டும் முதல் பகுதி, மேல்முறையீடு அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம். கையில் மருத்துவ ஆவணங்கள் இல்லாமல் மேல்முறையீடு எழுதுவது வீண் வேலை. பலரிடம் மறுப்புக் கடிதம் மட்டும்தான் இருக்கும். பணி ஆவணங்களை வைத்திருக்கும் அவரவர் பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில் உள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு ஒரு மனு அனுப்பினால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையின் நகல், மெடிக்கல் போர்டு படிவங்கள் அனைத்தின் நகல், அடிபட்டிருந்தால் ஐஏஎஃப்ஒய் 2006 என்ற காயம் குறித்த அறிக்கை, விசாரணை நடந்திருந்தால் அதன் முடிவு என்று தலைப்பு வாரியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ‘என் எல்லா ஆவணங்களும்’ என்று பொதுவாகக் கேட்டால் பாதிதான் வரும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரருக்கு வெலிங்டன், பீரங்கிப் படைக்காரருக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸ்காரருக்கு ஜபல்பூர், இயந்திரப் பராமரிப்புப் பிரிவான இஎம்இ-காரருக்குச் செகந்திராபாத் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் ஒவ்வோர் ஊரில் இருக்கிறது. அங்கே நேரில் போக முடியாத முதியவருக்கு இந்தச் சட்டம் பெரிய உதவி.

இதில் காலதாமதம் செய்யக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. பென்ஷன் இல்லாமல் வெளியேறியவரின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகள் வைக்கப்பட்டு, பிறகு அழிக்கப்படுகின்றன. 2008ஆம் ஆண்டின் தகுதி விதிகளோ, வெளியேறி 15 ஆண்டுகளுக்குப் பிறகு கோரிக்கை வந்து, அதற்குள் ஆவணங்கள் அழிக்கப்பட்டிருந்தால், நிரூபிக்கும் பொறுப்பு கோரிக்கையாளருடையது என்கின்றன. அதாவது, ஐயத்தின் பலனைத் தரும் சட்டப் பாதுகாப்பு காலம் போகப் போகத் தேய்கிறது. சின்ன வயதில் நோயோடு அனுப்பப்பட்டு, வெறும் பணிக்கொடையோடு ஊருக்கு வந்து, அவமானம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை எண்ணித்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி முதல் மேல்முறையீடு. மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதங்களுக்குள், ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக, முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுத வேண்டும். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. இவ்வளவும் நல்லது. ஆனால் இந்தக் குழுவிடமிருந்து வரும் பதில்களைப் படித்தால் மனம் சோர்ந்துபோகும். மேலே சொன்ன ஹவில்தாருக்காக எழுதிய மனுவில், எந்த ஆண்டு எந்த இடத்தில் பணி, எந்த ஆண்டில் முதன்முதலாக இரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்பட்டது, அதற்கு முன்பு அவர் இருந்த களப்பகுதிப் பணி எத்தனை காலம் நீடித்தது என்பவற்றை ஆவணப் பக்க எண்களோடு வரிசையாகக் கொடுத்தோம். அமைதிப்பகுதியில் வெளிப்பட்ட நோய் அமைதிப்பகுதியில்தான் உண்டானது என்று சொல்ல முடியாது என்பதையும் விளக்கினோம். நீண்ட காலம் கழித்து வந்த பதிலில், மெடிக்கல் போர்டு எழுதிய அதே வரி, எழுத்து மாறாமல் திரும்ப வந்தது. நாங்கள் எழுப்பிய எந்தக் கேள்விக்கும் அதில் விடை இல்லை. அது எந்தப் பிரிவின் அலுவலகம் என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. வேறு வேறு பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் என்னிடம் கொண்டுவரும் கடிதங்களும் இதே சாயலில்தான் இருக்கின்றன.

மேல்முறையீடு என்றால், முதலில் முடிவெடுத்தவரின் காரணத்தை இன்னொருவர் புதிய கண்ணோடு பார்ப்பது என்று பொருள். மருத்துவக் கருத்தை மீண்டும் மருத்துவக் கருத்தாலேயே சரிபார்த்து, விதியில் உள்ள ‘ஐயத்தின் பலன்’ என்ற சட்டக் கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்டால், அங்கே மேல்முறையீடு நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கோரிக்கையாளரை நேரில் அழைத்து ஒரு வார்த்தை கேட்கும் வழக்கமும் இல்லை. இரண்டாம் மேல்முறையீட்டைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகம் இல்லை. அதற்கும் ஆறு மாதக் கெடு, இன்னும் உயர்ந்த நிலையில் உள்ள குழு, பெரும்பாலும் அதே பதில்.

அப்படியானால் இந்த இரண்டு படிகளையும் ஏன் ஏற வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, துறைக்குள் இருக்கும் வழிகளை முதலில் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவு ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது: மனு கொடுத்து ஆறு மாதங்கள் ஆகியும் இறுதி ஆணை வரவில்லை என்றால், அந்த வழி முடிந்ததாகவே கொள்ளலாம். ஆகையால் பதிலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மனுவைப் பதிவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து அந்த அட்டையே தீர்ப்பாயத்தின் நுழைவுச் சீட்டு ஆகிவிடும். முதல் மேல்முறையீட்டை ஒரு சடங்காக நினைத்து நான்கு வரியில் எழுதிவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கே எழுப்பப்பட்டு, அவர்கள் விடை சொல்லாமல் விட்ட ஒவ்வொரு கேள்வியும் பின்னால் தீர்ப்பாயத்தில் நமக்குப் பலமாக நிற்கும்.

தீர்ப்பாயம் 2009 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. முதன்மை அமர்வு தில்லியில் இருக்கிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, ஆந்திரம், தெலங்கானா மாநிலத்தவர்களுக்குச் சென்னை அமர்வு. கேரளம், கர்நாடகம் ஆகியவற்றுக்குக் கொச்சி அமர்வு. ஓர் அமர்வில், உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவரும், படையில் உயர் பதவி வகித்த ஒருவரும் சேர்ந்து உட்காருகிறார்கள். இந்தக் கூட்டு அமைப்பே இதன் சிறப்பு. களப்பகுதி என்றால் என்ன, காவல் பணியில் இரவு பகலாக நிற்பது என்றால் என்ன என்பதை ஒரு உறுப்பினர் தன் வாழ்க்கையில் அறிந்தவர். காரணம் சொல்லாத ஆணை செல்லுமா என்பதை மற்றவர் அறிந்தவர். மனுதாரர் தானே நேரில் வாதாடலாம், வக்கீலையும் வைத்துக்கொள்ளலாம். இறுதி ஆணை வந்த ஆறு மாதங்களுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு. மெடிக்கல் போர்டு என்ன எழுதியது, என்ன எழுதாமல் விட்டது என்பதை வரி வரியாகப் படித்துக் கேட்கும் முதல் இடம் இதுதான் என்பதை, அங்கிருந்து வரும் ஆணைகளைப் படித்துவரும் எவரும் ஒப்புக்கொள்வார்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய், காது கேளாமை, மூட்டுத் தேய்மானம் என்று அங்கே வழக்கமாக வரும் வழக்குகளில், அமைதிப்பகுதியிலும் இராணுவப் பணிக்கே உரிய அழுத்தம் உண்டு என்பதை ஏற்று நிவாரணம் அளித்த ஆணைகள் பல.

எல்லா வழக்கும் வெல்லும் என்ற எண்ணத்தை ஊட்டுவதும் நியாயமல்ல. மூன்று வகை வழக்குகளில் எச்சரிக்கை வேண்டும். முதலாவது, விடுப்பில் வீட்டில் இருக்கும்போது நேர்ந்த விபத்து. விடுப்பும் பணிக்காலத்தில் சேரும் என்பது சரிதான். ஆனால் அந்த விபத்துக்கும் படைப்பணிக்கும் ஏதேனும் ஒரு காரணத் தொடர்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஜுஜார் சிங் வழக்கிலும் 2015இல் விஜய்குமார் வழக்கிலும் சொல்லிவிட்டது. மாறாக, விடுப்பில் ஊருக்குப் போகும் பயணத்தில் நேர்ந்த விபத்து வேறு. 1999இல் மதன் சிங் ஷெகாவத் வழக்கில், அரசுச் செலவில் பயணம் செய்யவில்லை என்பதற்காகப் பென்ஷனை மறுக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டு மாடியிலிருந்து விழுந்தவரும், ரயிலில் ஊருக்கு வரும்போது அடிபட்டவரும் ஒரே மாதிரி மனு எழுத முடியாது.

இரண்டாவது, மனநோய். ஸ்கிட்சோஃப்ரீனியா வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2007, 2009, 2019 ஆகிய ஆண்டுகளில் படைவீரருக்கு எதிராகவும் தீர்ப்பளித்திருக்கிறது. மருத்துவ நிபுணர் காரணத்தோடு கருத்துச் சொல்லியிருந்தால் அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். 2025இல் ராஜுமோன் வழக்கில், காரணம் சொல்லாத போர்டு அறிக்கையை வைத்து ஸ்கிட்சோஃப்ரீனியா நோயாளிக்குப் பென்ஷனை மறுக்க முடியாது என்று அதே நீதிமன்றம் கூறியது. ஆக, போர்டு காரணம் எழுதியிருக்கிறதா இல்லையா என்பதில்தான் இங்கேயும் வழக்கு நிற்கிறது. இந்த நோயோடு வீடு திரும்பியவரால் தனக்காக ஒரு மனுகூட எழுத முடியாது. அவருடைய தாயோ மனைவியோ அண்ணனோ எழுத வேண்டும். அவர்களிடம் ஒன்று சொல்வேன்: மனுவின் முதல் பக்கத்திலேயே, போர்டு என்ன காரணம் எழுதியது என்பதை அப்படியே எடுத்து எழுதுங்கள். காரணம் இல்லையென்றால் அந்த வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டுங்கள்.

மூன்றாவது, 20 சதவீதத்துக்குக் குறைவான ஊனம். முழுப் பணியையும் முடித்து ஓய்வுபெற்றவருக்கு 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் டிசபிலிட்டி எலிமென்ட் இல்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ராத்தோர் வழக்கில் முடிவு செய்தது. ஆனால் நோய் காரணமாகப் பாதியில் வெளியேற்றப்பட்டவருக்கு அது பொருந்தாது. ஒருவரைப் பணிக்கே தகுதியற்றவர் என்று அனுப்பிவிட்டு, ஊனம் 20 சதவீதத்துக்குக் குறைவு என்று சொல்வது முரண் என்பதால், அத்தகையவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஊனம் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதய நோய்க்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. படை மருத்துவர்களுக்கான ஓய்வூதிய வழிகாட்டி நூல், மாரடைப்புக்கு முந்தைய 14 நாட்களில் அவர் பார்த்த பணியின் விவரத்தைக் கேட்கிறது. அதைக் கொடுக்க வேண்டியது அவருடைய யூனிட். அந்த விவரத்தில் ‘வழக்கமான பணி’ என்று மொட்டையாக எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் எல்லாம் கடினம். இன்னும் பணியில் இருக்கும் தம்பிமார் இதைப் படிப்பார்கள் என்றால், மருத்துவமனையில் இருக்கும்போதே, இரவுக் காவல், நீண்ட தூர கான்வாய், பயிற்சி முகாம் என்று அந்த 14 நாட்களில் என்ன நடந்ததோ அதை யூனிட் எழுத்தரிடம் சொல்லி முறையாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

தொகை விஷயத்தில் தீர்ப்பாயத்துக்குப் போவதால் கிடைக்கும் பெரிய பயன், உயர்த்தி மதிப்பிடுதல். 50 சதவீதத்துக்குக் குறைவான ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், 76 முதல் 100 வரை உள்ளதை 100 ஆகவும் கொள்ளும் சலுகை, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பாதியில் வெளியேற்றப்பட்டவருக்கு மட்டுமே என்று பாதுகாப்பு அமைச்சகம் நெடுங்காலம் வாதிட்டது. பணியை முடித்து ஓய்வுபெற்றவருக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. ஆகவே மனுவில் பென்ஷனை மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், 30 சதவீதத்தை 50 சதவீதமாகக் கணக்கிட வேண்டும் என்பதையும் தனிக் கோரிக்கையாக எழுத வேண்டும். நிலுவைத் தொகை பற்றியும் தெளிவு தேவை. 2008இல் தர்செம் சிங் வழக்கில், பதினாறு ஆண்டுகள் தாமதமாக வந்தவருக்குப் பென்ஷன் உரிமை போகாது, ஆனால் மனுத் தாக்கல் செய்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் நிலுவை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் கைவிட்டுப் போகும் பணம் என்பதை இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் நான் பலரை நகர்த்தியிருக்கிறேன்.

உதவி எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு, மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் முதல் இடம். அங்கே முகவரி, படிவம், சான்றொப்பம் ஆகியவற்றில் உதவி உறுதியாகக் கிடைக்கும். மருத்துவ ஆவணத்தைப் படித்துச் சட்ட வாதம் எழுதிக் கொடுக்கும் ஆள்தான் அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும் வகையில், தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் வீர் பரிவார் சகாயதா திட்டத்தைத் தொடங்கி, படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையங்கள் அமைக்க முனைந்திருக்கிறது. அதைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். வக்கீல் வைப்பதாக இருந்தால், கிடைக்கும் நிலுவையில் இத்தனை பங்கு என்று பேசுபவரைத் தவிர்த்துவிடுங்கள். வழக்கின் பலனில் பங்கு கேட்பதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் நடத்தை விதிகளே தடுக்கின்றன. கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்பவரே நல்லவர்.

தீர்ப்பாயத்தில் வென்ற பிறகும் ஒரு நீண்ட பாதை இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆணையை நிறைவேற்றக் காலக்கெடு கொடுக்கப்படும். அந்தக் கெடுவுக்குள் அரசு சில வழக்குகளில் மேலே போகும். தீர்ப்பாய ஆணைகளை உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் ஆராயலாம் என்று 2023 மார்ச்சில் பரஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அது படைவீரருக்கும் வாசல், அரசுக்கும் வாசல். முடிந்துபோன சட்டக் கேள்விகளுக்காக ஊனமுற்ற படைவீரர்களை மேல் நீதிமன்றங்களுக்கு இழுக்க வேண்டாம் என்று, பாதுகாப்பு அமைச்சகமே 2015இல் அமைத்த நிபுணர் குழு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தால், இந்த மதிப்பீட்டில் பாதியை நான் எழுத வேண்டியே இருந்திருக்காது. காலக்கெடு கடந்தும் பணம் வரவில்லை என்றால், அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போடலாம். ஆணையின் சான்றிட்ட நகலை ரெக்கார்ட் ஆபீஸுக்கும், பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கும் தனித்தனியாக அனுப்பிவிட்டு, படைத்துறை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் திருத்திய பென்ஷன் ஆணை ஏறியிருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தளத்தில் பெயர் எழுத்துப் பிழை, பிறந்த தேதி மாற்றம் போன்றவை இருந்தால் முன்பே சரிசெய்துவிடுங்கள். வென்ற பணம் அந்தப் பிழையில் மாதக்கணக்கில் நிற்பதுண்டு.

நான் குறிப்பிட்ட ஹவில்தாரின் வழக்கு தீர்ப்பாயத்தில் வென்றது. 30 சதவீதம் 50 ஆக உயர்த்தப்பட்டு, இப்போது மாதந்தோறும் வருகிறது. போர்டு எழுதிய அந்த ஒற்றை வரியைத்தான் அரசுத் தரப்பு பதில் மனுவிலும் திரும்பச் சொல்லியிருந்தது. அதற்கு மேல் காரணம் இல்லை என்பதே அவர் பக்கம் தீர்ப்பு வரப் போதுமானதாக இருந்தது. இதை முதல் மேல்முறையீட்டிலேயே ஒரு அதிகாரி படித்துச் சொல்லியிருக்கலாம்.

இரண்டு சேதிகள் மீதம் இருக்கின்றன. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகளும் புதிய மருத்துவ வழிகாட்டி நூலும் நடைமுறையில் இருக்கின்றன. அந்தத் தேதிக்குப் பிறகு ஓய்வுபெற்றவர்கள், மேலே நான் சொன்ன 1982, 2008 விதிகளின் எண்களை அப்படியே எடுத்து எழுதாமல், தமக்குப் பொருந்தும் விதியைப் படித்து மனு எழுத வேண்டும். அதற்கு முன்பு ஓய்வுபெற்றவர்களுக்குப் பழைய விதிகளே பேசும். மற்றொன்று, வழக்கு நடக்கும்போதே படைவீரர் இறந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கோப்பை மூடிவிடும் குடும்பங்களுக்கு: மனைவியோ பிள்ளைகளோ சட்டப்படியான வாரிசாகச் சேர்ந்து, அவர் இறந்த நாள் வரைக்குமான நிலுவையைக் கேட்டுப் பெற முடியும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய வழக்கு எண் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, கெடு தவறாமல் வாரிசாகச் சேர்க்கும் மனுவைத் தாக்கல் செய்யுங்கள்.